மேசையருகே ஒரு தோற்பெட்டி

உரைநடை

நுழையும் முன்

தையற்கலைஞரின் எந்திரத்தருகே ஒட்டப்பட்டிருக்கும் சிறு நிழற்படம், தச்சுப்பட்டறையின் சுவரில் தொங்கும் தந்தையின் பழைய இழைப்புளி, கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் ஓடாத கைக்கடிகாரம் ஆகியவற்றால் எவ்வேலையும் நடைபெறுவதில்லை. ஆயினும் அவற்றை அவர்கள் அகற்றுவதும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் கருவிகளோடு நினைவுகளும் குடியிருக்கின்றன. உலகப் புகழ்பெற்ற பொறியாளர் ஒருவரின் பணிமேசையருகே இருந்த ஒரு பெட்டியைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

மின்விளக்கை வாங்குவோர் அதன்மீது ‘வாட்’ என்னும் சொல் அச்சிடப்பட்டிருப்பதைக் காண்பர். அது திறனை அளக்கும் அலகின் பெயர். ஜேம்ஸ் வாட்டின் பெயரை அவ்வலகுக்குச் சூட்ட வேண்டும் என 1882ஆம் ஆண்டு வில்லியம் சீமென்ஸ் என்னும் பொறியாளர் முன்மொழிந்தார். நீராவி எந்திரத்தை மேம்படுத்தியவர் வாட் என்பது உலகறிந்த செய்தி. அவருடைய முதுமைக்காலத்தின் கதையோ, வீட்டின் உச்சியில் இருந்த ஒரு சிறிய மாடியறைக்குள் அடங்கியிருக்கிறது.

கருவிகளோடு வளர்ந்தவர்

ஜேம்ஸ் வாட் 1736ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் கிரீனாக் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவருடைய தந்தை கப்பல் சார்ந்த தொழிலிலும் வணிகத்திலும் ஈடுபட்டவர். தந்தையின் பட்டறையில் சிறுவன் வாட்டுக்கெனத் தனியே ஒரு சிறிய பணிமேசையும் சில கருவிகளும் இருந்தன. பிற சிறுவர்கள் பொம்மைகளை வைத்து விளையாடும் வயதில் அவர் கருவிகளைக் கையாளப் பழகினார்.

நுண்கருவிகள் செய்யும் தொழிலை இலண்டனில் கற்றுத் திரும்பிய அவருக்கு 1757ஆம் ஆண்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் வளாகத்திலேயே இடம் தந்தது. அங்கு அமைந்த சிறுபட்டறைக்குத்தான் நியூகோமன் எந்திரத்தின் மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. அவ்வெந்திரத்தில் உருளைக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பாய்ச்சி நீராவியை நீராக மாற்றினர். அதனால் ஒவ்வொரு முறையும் உருளை குளிர்ந்தது. மீண்டும் அதைச் சூடாக்குவதிலேயே பெருமளவு எரிபொருள் வீணாயிற்று. நீராவியைக் குளிர்விக்கத் தனியே ஒரு கலன் இருந்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும் என்பதை 1765ஆம் ஆண்டு வாட் கண்டுணர்ந்தார். 1769இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பர்மிங்காம் நகரின் தொழில்முனைவர் மேத்யூ போல்ட்டனோடு கூட்டுச் சேர்ந்து எந்திரங்களை உருவாக்கினார். அவ்விருவரின் ஓயா உழைப்பு சுரங்கங்களின் நீரை இறைத்தது. ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றியது.

1800ஆம் ஆண்டு காப்புரிமைக்காலம் முடிவுற்றது. அப்போது வாட்டுக்கு அகவை அறுபத்து நான்கு. அவர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். கருவிகளிலிருந்து ஓய்வு பெறவில்லை.

மாடியறை

பர்மிங்காமை அடுத்த ஹேண்ட்ஸ்வொர்த் என்னும் ஊரில் வாட்டின் இல்லமாகிய ஹீத்ஃபீல்ட் இருந்தது. அவ்வீட்டின் கூரையடியில் இருந்த சிறிய அறையைத் தம் பட்டறையாக அவர் அமைத்துக்கொண்டார். குறுகிய படிகளில் ஏறித்தான் அதை அடைய இயலும். தாழ்ந்த கூரை கொண்ட அவ்வறை கோடையில் வெம்மையும் குளிர்காலத்தில் கடுங்குளிரும் உடையது. சாளரத்தை ஒட்டிப் பணிமேசை, அருகே காலால் இயக்கும் கடைசல் எந்திரம், ஒரு சிறிய அடுப்பு, சுவரெங்கும் அடுக்குப் பலகைகள், இழுப்பறைகள் நிறைய அரம், உளி, துரப்பணம், சாடிகளில் வேதிப்பொருள்கள். உணவைச் சூடாக்கிக்கொள்ள ஒரு வாணலியும் அங்கே இருந்தது. வேலை நடுவே கீழே இறங்கிச் செல்ல அவர் விரும்பவில்லை.

அவ்வறையில் அவர் உருவாக்கிய முதன்மையான பொருள், சிற்பங்களைப் படியெடுக்கும் எந்திரம். மூலச்சிற்பத்தின் மேற்பரப்பை ஒரு முனை தடவிச் செல்லும். அதனோடு இணைக்கப்பட்ட சுழலும் வெட்டுமுனை, அதே மேடுபள்ளங்களை வேறொரு கல்லிலோ தந்தத்திலோ செதுக்கும். மூலத்தின் அளவிலேயே படியெடுக்க ஓர் எந்திரமும், அளவைச் சுருக்கிப் படியெடுக்க மற்றோர் எந்திரமும் அமைத்தார். அறையெங்கும் அறிஞர் பெருமக்களின் சாந்துத் தலையுருக்கள் நிறைந்தன. தாம் செதுக்கிய உருவங்களை நண்பர்களுக்கு அளிக்கும்போது, எண்பது கடந்த தம்மை ஓர் இளங்கலைஞர் என்று நகைச்சுவையாகக் குறிப்பிட்டுக்கொள்வார்.

இரு இழப்புகள்

வாட்டின் இரண்டாம் மனைவி ஆன். அவர்களுக்குக் கிரிகோரி என்னும் மகனும் ஜெஸ்ஸி என்னும் மகளும் பிறந்தனர். ஜெஸ்ஸி 1794ஆம் ஆண்டு தம் பதினைந்தாம் அகவையில் காசநோயால் இறந்தார். துயருற்ற தந்தை கருவிகளிடம் திரும்பினார். வளிகளைச் சுவாசிக்கச் செய்து நுரையீரல் நோயைத் தீர்க்கலாம் என்று நம்பிய மருத்துவர் தாமஸ் பெடோஸ் என்பவருக்காக, வளிகளை உண்டாக்கிச் சேமிக்கும் கருவிகளை வடிவமைத்துத் தந்தார். தம் மகளைக் காக்க இயலாத தந்தை, பிறர் பிள்ளைகளைக் காக்க முயன்றார்.

கிரிகோரி கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர். நிலவியலில் ஈடுபாடு கொண்டவர். உடல்நலம் கருதி 1797ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் கடற்கரை ஊராகிய பென்சான்ஸுக்குச் சென்று தங்கினார். அவ்வீட்டு அம்மையாரின் மகன், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி. இளைஞர் இருவரும் நண்பர்களாயினர். எரிமலைப் பாறையாகிய பசால்ட்டை உலையில் பேரளவில் உருக்கி, மெல்ல ஆறவிட்டால் அது மீண்டும் கல்லாக இறுகுவதையும், விரைந்து ஆறினால் கண்ணாடி போலாவதையும் கிரிகோரி ஆராய்ந்தார். அவ்வாய்வுரை 1804ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளியாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், இருபத்தேழாம் அகவையில், தங்கையைக் கொண்டுசென்ற அதே நோய் அவரையும் கொண்டுசென்றது.

காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை ராபர்ட் கோக் கண்டறிந்து அறிவித்தது 1882ஆம் ஆண்டில்தான். ‘வாட்’ என்னும் அலகின் பெயர் முன்மொழியப்பட்டதும் அவ்வாண்டே. நீராவியை அடக்கியாண்ட தந்தைக்கு, தம் பிள்ளைகளை வருத்திய நோயின் பெயரை அறிய முடிந்ததேயன்றி அதன் காரணத்தை அறிய முடியவில்லை.

மேசையருகே

மகனின் மறைவுக்குப்பின் வாட் மாடியறையில் பணியாற்றிய ஆண்டுகள் பல. அவ்வறையில் கருவிகளுக்கும் சாந்துருக்களுக்கும் இடையே தோல் போர்த்திய பெட்டி ஒன்று இருந்தது. அது கிரிகோரியின் பெட்டி. அவர் முதன்முதலில் எழுதிப் பழகிய தாள்கள், சிறுவனாக இருந்தபோது வரைந்த படங்கள், பள்ளிப் பாடநூல்கள், கல்லூரிப் பயிற்சித்தாள்கள் ஆகியவை அதனுள் இருந்தன. கையெழுத்து உருப்பெறாத பருவத்திலிருந்து ஆய்வுநோக்கு அரும்பிய வளர்பருவம் வரையிலான ஒரு வாழ்க்கையின் எழுத்தும் ஓவியமும் அப்பெட்டியில் அடங்கின.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். படியெடுத்தல் என்பது வாட்டின் வாழ்நாள் ஈடுபாடுகளுள் ஒன்று. கடிதங்களைப் படியெடுக்கும் அழுத்துப்பொறிக்கு 1780ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் அவர். முதுமையில் கல்லையும் தந்தத்தையும் படியெடுத்தார். அத்தகையவர் தம் மகனுக்காகப் பேணியவை படிகள் அல்ல. மகனின் கைபட்ட தாள்களே. வடிவத்தைப் படியெடுக்கலாம், ஒரு குழந்தை முதன்முதலில் எழுதும்போது மை சிந்திய தாளைப் படியெடுத்துப் பெற இயலாது.

பூட்டிய அறை

1819ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ஜேம்ஸ் வாட் தம் இல்லத்தில் இயற்கை எய்தினார். குடும்பத்தார் மாடியறையைப் பூட்டினர். அதன்பின் அவ்வறையைக் கண்டோர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவரான சாமுவேல் சுமைல்ஸ் என்னும் எழுத்தாளர், வாட் இறந்து நாற்பதாண்டுகளுக்குப் பின்னும் அடுப்பில் சாம்பலும் ஆணியில் வாணலியும் அவர் விட்டுச்சென்றபடியே இருந்ததாக எழுதியுள்ளார். கிரிகோரியின் பெட்டியையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை.

1924ஆம் ஆண்டு அப்பட்டறையின் பொருள்கள் யாவும் கதவு, சாளரம், தரைப்பலகைகள் ஆகியவற்றோடு இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அவை எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. ஹீத்ஃபீல்ட் இல்லம் இன்று இல்லை. அறை மட்டும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பொருளும் நினைவும்

ஓர் அரத்தையோ உளியையோ பார்ப்பவர், அதன் பயனை எளிதில் அறிவர். உரியவர் மறைந்தாலும் கருவி மற்றொருவர் கையில் பயன்படும். நினைவுப்பொருளின் நிலை வேறு. அதன் மதிப்பு பொருளில் இல்லை. அதைப் போற்றுபவரின் உள்ளத்தில் இருக்கிறது. போற்றுபவர் மறைந்ததும் அது பழைய தாளாகவோ உடைந்த பொம்மையாகவோ ஆகிவிடும் இடர் உண்டு. கிரிகோரியின் பயிற்சித்தாள்கள் வீட்டைத் தூய்மை செய்யும் நாளில் குப்பையோடு போயிருக்கலாம். யாருடையவை என்பதை அறிந்தோர் இருந்தமையாலும், அறிந்ததை எழுதிவைத்தமையாலும் அவை இன்றும் பொருளுடையனவாய் இருக்கின்றன.

பணியிட மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் இவ்வுண்மையை நன்கு அறியும். சுமையைக் குறைக்க வேண்டிய நேரத்தில் எதைக் கொண்டுசெல்வது, எதை விட்டுச்செல்வது என்னும் வினா எழும். விலை மிகுந்த பொருளை மீண்டும் வாங்கலாம். பாட்டியின் சுருக்குப்பையையோ, அண்ணன் செய்த களிமண் வண்டியையோ எக்கடையிலும் வாங்க இயலாது. அத்தகைய பொருளோடு, அது யாருடையது, எப்போது கிடைத்தது, ஏன் பேணப்படுகிறது என்னும் மூன்று செய்திகளை ஒரு சிறு தாளில் எழுதி வைத்தல் நலம். பொருளைக் காப்பது பாதி கடமை. அதன் கதையைக் காப்பது மறுபாதி.

சொற்பொருள்

அகவை – வயது
சாளரம் – சன்னல்
துரப்பணம் – துளையிடும் கருவி
கடைசல் எந்திரம் – மரம், உலோகம் முதலியவற்றைச் சுழற்றிச் செதுக்கும் பொறி
வளி – காற்று, வாயு
சாந்துரு – சுண்ணச்சாந்தால் ஆகிய உருவம்
இடர் – துன்பம், ஆபத்து

இலக்கணக் குறிப்பு

ஓயா உழைப்பு – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
வளர்பருவம் – வினைத்தொகை
சிறுபட்டறை – பண்புத்தொகை
எழுத்தும் ஓவியமும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

பூட்டினர் = பூட்டு + இன் + அர்
பூட்டு – பகுதி
இன் – இறந்தகால இடைநிலை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. நியூகோமன் எந்திரத்தில் எரிபொருள் வீணானதற்குக் காரணம்
(அ) உருளை சிறியதாக இருந்தது (ஆ) உருளை மீண்டும் மீண்டும் குளிர்ந்தது (இ) நீர் கிடைக்கவில்லை (ஈ) சக்கரம் சுழலவில்லை

2. ‘தோற்பெட்டி’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
(அ) தோற் + பெட்டி (ஆ) தோற்று + பெட்டி (இ) தோல் + பெட்டி (ஈ) தோள் + பெட்டி

3. வாட்டின் பட்டறை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆண்டு
(அ) 1819 (ஆ) 1882 (இ) 1804 (ஈ) 1924

ஆ. குறுவினா

1. கிரிகோரியின் பெட்டியில் இருந்தவை யாவை?
2. சிற்பங்களைப் படியெடுக்கும் எந்திரம் எவ்வாறு இயங்கியது?
3. கிரிகோரி பசால்ட் பாறையை ஆராய்ந்து கண்ட உண்மை யாது?

இ. சிறுவினா

1. மகளின் மறைவுக்குப்பின் வாட் மேற்கொண்ட முயற்சியை விளக்குக.
2. கருவிக்கும் நினைவுப்பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தின் வழி எழுதுக.

ஈ. நெடுவினா

“பொருளைக் காப்பது பாதி கடமை, அதன் கதையைக் காப்பது மறுபாதி.” இக்கூற்றை வாட்டின் மாடியறையைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.

உ. மொழிப்பயிற்சி

பின்வரும் தொடர்களைச் செய்வினையாக மாற்றுக.
1. அறை குடும்பத்தாரால் பூட்டப்பட்டது.
2. வளிகளைச் சேமிக்கும் கருவி வாட்டால் வடிவமைக்கப்பட்டது.

ஊ. செயல்பாடு

உங்கள் வீட்டிலோ, வீட்டருகே உள்ள ஒரு பட்டறையிலோ போற்றி வைக்கப்பட்டிருக்கும் நினைவுப்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அதற்கு உரியவரிடம் பேசி, பாடத்தில் கூறப்பட்ட மூன்று செய்திகளையும் கேட்டறிக. அவற்றை ஐம்பது சொற்களுக்கு மிகாமல் ஒரு குறிப்பாக எழுதி, உரியவரிடமே படித்துக்காட்டித் திருத்தியபின் வகுப்பறையில் பகிர்க.