கோப்பின் பெயரை நம்பலாமா?

'லாயாங் லாயாங்' என்று மட்டும் முகவரி எழுதினால் கடிதம் எங்கே போய்ச் சேரும்? ஜொகூர்க்காரர்களுக்குச் சந்தேகமே வராது. குளுவாங் மாவட்டத்தில், தொடர்வண்டிப் பாதையை ஒட்டி, செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு பட்டணம் அது. ஆனால் சபா கரைக்கு அப்பால், தென்சீனக் கடலில், அதே பெயரில் ஒரு தீவும் இருக்கிறது. மலாய் மொழியில் பறக்கவிடும் பட்டத்துக்கும் அதே சொல்தான். தகைவிலான் குருவிக்கும் அதே சொல்தான். இத்தனைக்கும் நடுவில் அஞ்சல்காரர் குழம்பாமல் இருக்கிறார் என்றால், பெயருக்கு முன்னால் நாம் எழுதும் 81850 என்ற அஞ்சல் எண்தான் காரணம்.

கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள கோப்புகளின் கதையும் இதேதான். பெயர் ஒன்று சொல்லும். உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். இந்த வேறுபாடு தெரியாததால் சேமிப்புப் பணத்தை இழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. புலனத்தில் 'கல்யாண அழைப்பிதழ்' என்று வரும் கோப்பைத் திறக்காதீர்கள் என்று காவல்துறை திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதனால்தான்.

ஒரு கோப்பு படமா, பாட்டா, ஆவணமா, செயலியா என்று கருவி எப்படிக் கண்டுகொள்கிறது? அதற்கு மூன்று அடையாளங்கள் உள்ளன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் அடையாளம்: பெயரின் விகுதி

தமிழில் 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' என்ற சொற்களில் வந்தது யார் என்பதைக் கடைசி விகுதிதான் சொல்கிறது. கோப்பின் பெயரிலும் அப்படித்தான். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எழுத்துகள் அதன் வகையைக் காட்டும். 'ஜேபிஜி' என்றால் புகைப்படம். 'எம்பி3' என்றால் ஒலி. 'பிடிஎஃப்' என்றால் ஆவணம். 'ஏபிகே' என்றால் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவுவதற்கான செயலி.

இது மிக எளிய முறை. ஆனால் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு படத்தின் பெயரை 'எம்பி3' என்று முடித்துவிட்டால் அது பாடிவிடாது. பாட்டுச் செயலி திறக்கப் பார்த்துத் தோற்றுப்போகும், அவ்வளவுதான்.

இன்னொரு பலவீனமும் உண்டு. விண்டோஸ் கணினிகள் தமக்குத் தெரிந்த வகைகளின் விகுதியை வழக்கமாக மறைத்துவிடும். 2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி உலகெங்கும் மின்னஞ்சல்களை முடக்கிய 'ஐ லவ் யூ' நச்சுநிரல் இந்த ஓட்டைக்குள்தான் நுழைந்தது. மின்னஞ்சலோடு வந்த கோப்பின் பெயர் 'லவ் லெட்டர்' என்று தொடங்கி 'டிஎக்ஸ்டி', 'விபிஎஸ்' என்று இரண்டு விகுதிகளோடு முடிந்தது. முதல் விகுதி சாதாரண எழுத்துக் கோப்பைக் குறிப்பது. இரண்டாவது, கணினிக்குக் கட்டளையிடும் நிரலைக் குறிப்பது. கணினி பார்ப்பது கடைசி விகுதியை மட்டுமே. ஆனால் அந்தக் கடைசி விகுதியை மறைத்துவிட்டதால், மக்கள் கண்ணுக்குப் பட்டது முதல் விகுதி. காதல் கடிதம் என்று திறந்தார்கள்.

இரண்டாம் அடையாளம்: உள்ளே இருக்கும் முத்திரை

எல்லாக் கோப்புகளும் அடிப்படையில் எண்களின் வரிசைதான். 0 முதல் 255 வரையிலான எண் ஒவ்வொன்றும் ஒரு பைட்டு. பல வடிவங்களை உருவாக்கியவர்கள், கோப்பின் தொடக்கத்தில் குறிப்பிட்ட சில எண்கள் இருந்தே தீரவேண்டும் என்று விதித்துவிட்டார்கள். இதை 'மாய எண்' என்பார்கள். மாயம் ஒன்றும் இல்லை. தங்க நகையில் குத்தும் முத்திரை போன்றதுதான்.

ஜேபிஜி படம் 255, 216, 255 என்று தொடங்கும். பிடிஎஃப் ஆவணம் 37, 80, 68, 70 என்று தொடங்கும். அந்த எண்களை எழுத்தாக மாற்றினால் ஒரு விழுக்காட்டுக் குறியும் 'பிடிஎஃப்' என்ற மூன்று எழுத்துகளும் வரும். விண்டோஸ் செயலிகள் 77, 90 என்று தொடங்கும். அவை 'எம்', 'இசட்' என்ற எழுத்துகள். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள். சுருக்கிக் கட்டும் 'ஜிப்' கோப்பு 80, 75 என்று தொடங்கும். 'பி', 'கே' என்ற அந்த இரண்டு எழுத்துகளும் அவ்வடிவத்தை உருவாக்கிய ஃபில் கேட்ஸைக் குறிப்பவை.

இவற்றில் மிகக் கவனமாகத் திட்டமிடப்பட்டது பிஎன்ஜி படத்தின் முத்திரை: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் உள்ள 80, 78, 71 என்பவை 'பிஎன்ஜி' என்ற எழுத்துகள். மற்றவை எதற்கு? பழைய கருவிகள் சில 127-க்கு மேற்பட்ட எண்களை வழியிலேயே சிதைத்துவிடும். 137 மாறியிருந்தால் படமும் சிதைந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சில மென்பொருள்கள் வரி முடிவைக் குறிக்கும் 13, 10 என்ற எண்களைத் தம் வசதிக்கு மாற்றிவிடும். அந்த மாற்றத்தையும் இந்த முத்திரை காட்டிக்கொடுக்கும். கோப்பு இன்ன வகை என்று சொல்வதோடு, பயணத்தில் அடிபட்டதா என்பதையும் எட்டே எண்கள் சொல்லிவிடுகின்றன.

ஆனால் முத்திரையும் முழுக் கதையைச் சொல்லாது. 'வேர்ட்' ஆவணத்தைத் திறந்து பார்த்தால் அதன் தொடக்கமும் 80, 75 தான். ஏபிகே செயலியின் தொடக்கமும் அதேதான். இரண்டுமே உண்மையில் பல கோப்புகளை உள்ளே அடுக்கிய ஜிப் பெட்டிகள்! பெட்டியைத் திறந்து, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் ஆவணமா செயலியா என்று முடிவு செய்ய முடியும். வெறும் எழுத்து மட்டும் உள்ள கோப்புக்கோ பெரும்பாலும் முத்திரையே கிடையாது. கூகுள் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட 'மஜிகா' என்ற கருவி, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்து வகையை ஊகிக்கிறது. இத்தகைய கருவிகள் தேவைப்படுவதே, முத்திரை மட்டும் போதாது என்பதற்குச் சான்று.

மூன்றாம் அடையாளம்: அனுப்புபவர் ஒட்டும் சீட்டு

தொடக்கக் கால மின்னஞ்சலில் ஆங்கில எழுத்துகளை மட்டுமே அனுப்ப முடிந்தது. படம், ஒலி, பிற மொழி எழுத்து எதற்கும் பொதுவான வழி இல்லை. இந்தத் தடையை நீக்க நத்தேனியல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட் ஆகிய இருவரும் 'மைம்' என்ற விதிமுறையை வகுத்தனர். 1992 மார்ச் 11-ஆம் தேதி போரன்ஸ்டீன் முதல் இணைப்பு மின்னஞ்சலை அனுப்பினார். தம் பாட்டுக் குழுவின் படத்தையும் அவர்கள் பாடிய பாடலையும் அதில் இணைத்திருந்தார். அதே ஆண்டு ஜூனில் விதிமுறை வெளியானது.

அதன் உள்ளம், ஒரு சிறிய சீட்டு. 'இமேஜ்/பிஎன்ஜி', 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்று இரண்டு பகுதிகள் கொண்டது. முதல் பகுதி பெரும்பிரிவு, இரண்டாவது உட்பிரிவு. 1992-இல் எழுத்து, படம், ஒலி, காணொளி, செயலித்தரவு, மடல், பலவகைக் கலவை என ஏழு பெரும்பிரிவுகள் இருந்தன. பின்னர் மேலும் சில சேர்ந்தன. எழுத்துருக்களுக்குத் தனிப் பிரிவு 2017-இல்தான் கிடைத்தது. இந்தச் சீட்டுகளின் அதிகாரப்பூர்வப் பட்டியலை 'ஐயானா' என்ற அமைப்பு பராமரிக்கிறது.

மின்னஞ்சலுக்காகப் பிறந்த இந்தச் சீட்டை வலைத்தளங்களும் எடுத்துக்கொண்டன. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, பக்கத்துக்கு முன்னதாக வழங்கிக் கணினியிலிருந்து இந்தச் சீட்டு வந்துவிடுகிறது. உலாவி அதைப் படித்துவிட்டே அடுத்த வேலையைத் தொடங்கும்.

சீட்டு தவறாக இருந்தால்? முன்பு சில உலாவிகள் சீட்டை நம்பாமல், உள்ளே எட்டிப் பார்த்து ஊகித்தன. உதவி போலத் தெரிந்த இது ஆபத்தானது. படம் என்ற சீட்டோடு ஒருவர் ஏற்றிய கோப்புக்குள் நிரல் ஒளிந்திருந்தால், உலாவி அதை வலைப்பக்கம் என்று ஊகித்து இயக்கிவிடும். அதனால் 'ஊகிக்காதே, சீட்டை மட்டும் நம்பு' என்று வழங்கி கட்டளையிடும் வசதி 2008-இல் வந்தது.

தமிழ் பட்ட பாடு

சீட்டில் இன்னொரு தகவலும் உண்டு: எழுத்துக் குறியாக்கத்தின் பெயர். ஒரே எண்ணை ஒரு குறியாக்கம் 'அ' என்றும் மற்றொன்று வேறு எழுத்து என்றும் படிக்கும். எந்த முறையில் படிக்கவேண்டும் என்று சொல்லாவிட்டால் எழுத்து கிறுக்கலாகிவிடும். இதை உலகில் நன்றாக அனுபவித்தவர்களில் தமிழர்களும் உண்டு.

1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை வலைத்தளத்தில் ஏற்றினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாளிதழும் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி எழுத்துருக் குறியாக்கத்தைப் பயன்படுத்தின. ஒரு தளத்தைப் படிக்க அதற்குரிய எழுத்துருவை முதலில் இறக்கவேண்டும்.

இதற்குத் தீர்வாகப் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து 'திஸ்கி' என்ற பொதுக் குறியாக்கத்தை உருவாக்கினர். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் ஆகியோர் அதில் முக்கியப் பங்காற்றினர். 1999-இல் தமிழ்நாட்டிலிருந்து 'தாம்', 'தாப்' என்ற குறியாக்கங்களும் வந்தன.

ஆனால் திஸ்கியின் பெயர் ஐயானா பட்டியலில் இல்லை. எனவே சீட்டில் எழுத அதிகாரப்பூர்வப் பெயரும் இல்லை. உலாவியின் பட்டியலுக்குள் போய், 'பயனர் வரையறுத்தது' என்பதை வாசகரே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சீட்டு செய்யவேண்டிய வேலையை மனிதர் செய்தார். திஸ்கி அந்தப் பட்டியலில் பதிவானது 2007-இல்தான். அதற்குள் யூனிகோடு பரவிவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றது.

இன்று 'அ' என்ற எழுத்து இணையத்தில் 224, 174, 133 என்ற மூன்று எண்களாகப் பயணிக்கிறது. சீட்டில் 'யூடிஎஃப்-8' என்று இருந்தால் உலாவி மூன்றையும் சேர்த்து ஓர் எழுத்தாகப் படிக்கும். சீட்டு தவறினால் ஒவ்வோர் எண்ணையும் தனித்தனி மேற்கத்திய எழுத்தாகப் படிக்கும். வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட பதிவுக்குறி வரிக்கு வரி முளைத்திருந்தால், அது பெரும்பாலும் சீட்டுத் தொலைந்த தமிழ்தான். 174 என்ற எண்ணுக்கு மேற்கத்தியக் குறியாக்கத்தில் அதுதான் உருவம்.

உங்கள் பள்ளியின் பழைய ஆண்டு மலரோ, தோட்டத்து ஆலயத்தின் திருவிழா மலரோ குறுவட்டில் இருந்து, இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரிகிறதா? அழித்துவிடாதீர்கள். எழுத்து அழியவில்லை, எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தது என்ற தகவல்தான் தொலைந்திருக்கிறது. தட்டச்சு செய்தவரைக் கேட்டுப் பாருங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால், மாற்றி மென்பொருள் கொண்டு யூனிகோடாக மாற்றிவிடலாம். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது.

அழைப்பிதழ் அல்ல, செயலி

இப்போது அந்தக் கல்யாண அழைப்பிதழுக்கு வருவோம். உண்மையான அழைப்பிதழ் படமாகவோ, பிடிஎஃப் ஆவணமாகவோ, காணொளியாகவோதான் இருக்கும். பார்ப்பதற்கு எதையும் நிறுவத் தேவையில்லை. மோசடிக்காரர் அனுப்புவதோ ஏபிகே. பெயரில் 'அழைப்பிதழ்' என்றும், இடையில் 'பிடிஎஃப்' என்றும்கூட இருக்கலாம். கடைசி விகுதி ஏபிகே என்றால் அது செயலி. தொட்டால் கைப்பேசி 'நிறுவட்டுமா?' என்று கேட்கும். பிறகு குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் டிஏசி எண் நேரே திருடனுக்குப் போகும். குறுஞ்செய்தி வழி டிஏசி அனுப்புவதைக் கைவிடும்படி 2022-இல் பேங்க் நெகாரா வங்கிகளைக் கேட்டுக்கொண்டதற்குப் பின்னால் இத்தகைய மோசடிகளும் உள்ளன.

தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்பவேண்டாம். அவர் கைப்பேசியே பறிபோயிருக்கலாம். ஓர் அழைப்பு போட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே நிறுவிவிட்டால், உடனே இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து உங்கள் வங்கிக்கோ, 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணுக்கோ அழையுங்கள்.

செய்து பாருங்கள்

1. விண்டோஸ் கணினியில் கோப்புறையைத் திறந்து, காட்சி அமைப்பில் 'கோப்புப் பெயர் விகுதிகளைக் காட்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறைந்திருந்த விகுதிகள் தெரியும்.

2. ஒரு பிஎன்ஜி படத்தின் நகலை 'நோட்பேட்' செயலியில் திறங்கள். கிறுக்கல்களின் முதல் வரியில் 'பிஎன்ஜி' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

3. ஒரு வேர்ட் ஆவணத்தை நகலெடுத்து, நகலின் விகுதியை 'ஜிப்' என்று மாற்றித் திறங்கள். உள்ளே பல கோப்புகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் பெயருக்கு 'உள்ளடக்க வகைகள்' என்று பொருள். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் இன்ன வகை என்ற சீட்டுகளின் பட்டியல் அது.

மூன்றையும் முடித்ததும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் காட்டுங்கள். அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே வந்து சேர்வது பெரும்பாலும் அவர்கள் கைப்பேசிக்குத்தான்.