சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலை: ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

சீனத் தனியார் பள்ளிகள் தரும் ஆங்கில ஆசிரியர் விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: மாதம் இத்தனை ஆயிரம் யுவான், தங்க இடம், விமானக் கட்டணம், ஆண்டு முடிவில் போனஸ். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் சம்பளத்தைச் சரிபார்த்துவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் தகராறு வருவது சேரும்போதல்ல, விலகும்போது. விலகல், அபராதம், சான்றுகள் பற்றிப் பேசும் கடைசிப் பக்கங்களில்தான் பள்ளியின் குணம் தெரியும். அதனால் ஆசிரியர்களிடையே உலவும் சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இங்கேயும் பின்னாலிருந்தே தொடங்குகிறேன்.

நம்பிக்கை: பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வேறு பள்ளிக்குப் போய்விடலாம்.

சீனாவில் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி, இன்ன நிறுவனத்தில் இன்ன வேலை என்று கட்டித் தரப்படுவது. தங்கும் அனுமதியும் அதை நம்பித்தான் இருக்கிறது. வேறு பள்ளிக்கு மாற வேண்டுமென்றால், வேலை முடிந்ததற்கான சான்றைப் பழைய பள்ளி தர வேண்டும். நம் ஊரில் ரிலீவிங் லெட்டர் என்கிறோமே, அதுதான். பழைய அனுமதியையும் ரத்துசெய்து கொடுக்க வேண்டும். 2008 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம், இந்தச் சான்றைத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. ஆனாலும் கோபத்தில் இருக்கும் நிர்வாகம் அதை இழுத்தடித்தால், அனுமதியின் நாட்கள் கரையக் கரைய ஆசிரியர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். விலகிய எத்தனை நாளுக்குள் சான்று தரப்படும் என்பதை எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். அதை எழுத மறுக்கும் பள்ளி சம்பளத்தை எவ்வளவு ஏற்றினாலும் வேண்டாம் என்பதே என் கட்சி.

நம்பிக்கை: ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகினால் அபராதம் கட்டியே தீர வேண்டும்.

'பாதியில் போனால் மூன்று மாதச் சம்பளம்' என்கிற மாதிரி வரிகளைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின்படி தொழிலாளியிடம் ஒப்பந்த மீறல் தொகை கேட்க இரண்டே இரண்டு இடங்களில்தான் வழியுண்டு. ஒன்று, முதலாளி தன் செலவில் சிறப்புப் பயிற்சி கொடுத்து, அதற்கு ஈடாக இத்தனை காலம் வேலை பார்ப்பதாக எழுதி வாங்கியிருந்தால். இன்னொன்று, போட்டி நிறுவனத்தில் சேர்வதில்லை என்ற உடன்பாட்டை மீறினால். மற்றபடி 30 நாள் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டு விலகலாம். தகுதிகாண் காலத்தில் 3 நாள் போதும். சம்பளத்தை ஒழுங்காகத் தராத முதலாளியிடம் அந்த 30 நாளும் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருந்துவிடலாமா? அதுவும் பாதி உண்மைதான். வெளிநாட்டவர் விஷயத்தில் எல்லா நகரங்களும் ஒரே மாதிரி நடப்பதில்லை. உதாரணமாக ஷாங்காயில் நோட்டீஸ், இழப்பீடு போன்றவற்றில் இரு தரப்பும் எழுதிக்கொண்டதற்கே நீதிமன்றங்கள் முதலிடம் கொடுத்துவந்திருக்கின்றன. அதனால் 'இது சட்டப்படி செல்லாத வரிதானே' என்று அலட்சியமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

பிணக்கு முற்றிவிட்டால் வெளிநாட்டவருக்குப் போக்கிடமே இல்லை என்பதும் தவறு. தொழிலாளர் நடுவர் குழுவில் முறையிடக் கட்டணம் கிடையாது. உரிமை மீறப்பட்டது தெரிந்த ஓராண்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். விசாரணை சீன மொழியில் நடக்கும். வங்கிக் கணக்கில் சம்பளம் வரவான விவரம், வீசாட் உரையாடல்கள், வகுப்பு அட்டவணை எல்லாம் சான்றாக உதவும். இவற்றை முதல் மாதத்திலிருந்தே சேர்த்துவைப்பவர்கள் குறைவு.

நம்பிக்கை: அரசுக்குக் காட்ட ஓர் ஒப்பந்தம், நமக்குள் ஓர் ஒப்பந்தம். எல்லோரும் செய்வதுதான்.

எல்லோரும் செய்வதில்லை. செய்கிறவர்களிடம்தான் கவனம் தேவை. வேலை அனுமதிக்காகப் பதிவேற்றப்பட்ட தாளில் குறைந்த சம்பளமும், உங்கள் கையில் உள்ள தாளில் கூடுதல் சம்பளமும் இருந்தால், நடுவர் முன் உங்கள் கணக்கை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். இருமொழி ஒப்பந்தங்களில் 'முரண் வந்தால் சீனப் பிரதியே செல்லும்' என்ற வரி அநேகமாக இருக்கும். அந்தப் பிரதியைப் பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஏஜெண்ட் படித்துச் சொல்வது கணக்கில் சேராது.

நம்பிக்கை: பள்ளி முதல்வரே கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி என்ன?

சீனாவில் நிறுவனத்தின் சொல்லுக்குச் சாட்சி, நடுவில் நட்சத்திரம் பதித்த சிவப்பு வட்ட முத்திரை. முதல்வர் மாறுவார், முத்திரை மாறாது. அதிலுள்ள நிறுவனப் பெயர், வேலை அனுமதியில் உள்ள பெயர், நீங்கள் பாடம் நடத்தப்போகும் பள்ளியின் வாசலில் உள்ள பெயர், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பல சமயம் இருப்பதில்லை. ஒரு 'கல்வி ஆலோசனை நிறுவனம்' அனுமதி வாங்கித்தந்து, ஆசிரியரை மழலையர் பள்ளிக்கோ வேறு தனியார் பள்ளிக்கோ அனுப்பிவைக்கும். சோதனை வந்தால் மாட்டுவது வகுப்பில் நிற்கும் ஆசிரியர்தான். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இலக்கப் பதிவு எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கி அரசுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். பள்ளி என்றால் அதோடு, பள்ளி நடத்துவதற்கான உரிமத்தையும் கேளுங்கள்.

2021க்குப் பிறகு இந்தச் சரிபார்ப்பு இன்னும் அவசியமாகிவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த 'இரட்டைக் குறைப்பு' கொள்கை, பள்ளிப் பாடங்களுக்கான லாப நோக்குப் பயிற்சி மையங்களை முடக்கியது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கான அந்நிய மொழிப் பயிற்சியையும் தடுத்தது. பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தந்த வால் ஸ்ட்ரீட் இங்கிலிஷின் சீனக் கிளைகளும் அதே ஆண்டு மூடப்பட்டன. பெரிய பெயர் என்பது உத்தரவாதமில்லை.

நம்பிக்கை: வாரம் 20 வகுப்புதான், மீதி நேரம் நம்முடையது.

வகுப்பு நேரம் வேறு, பள்ளியில் இருக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். நீண்ட விடுமுறைக்கு ஈடாகச் சனி, ஞாயிறுகளில் பள்ளி நடப்பது சீனாவில் வழக்கம். சம்பளம் வரிக்கு முன்பா பின்பா, 12 மாதமா 10 மாதமா, கோடை விடுமுறைக்கு உண்டா என்பதையும் கேளுங்கள். ஓராண்டு முதல் மூன்றாண்டுக்குள் முடியும் ஒப்பந்தத்தில் தகுதிகாண் காலம் இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பள்ளி வைத்துக்கொள்ளவும் கூடாது. தங்கும் அனுமதிக்காகக் குடிநுழைவுக் காவல் அலுவலகம் சில நாள் வாங்கிவைப்பது வேறு, அதற்கு ரசீது உண்டு.

நம்பிக்கை: பிசினஸ் விசாவில் வந்து சேருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

முடிந்தால் பள்ளி மாற்றித்தரும், முடியாவிட்டால் நீங்கள் தனியாக நிற்பீர்கள். வேலை அனுமதி அறிவிப்பு முதலில் வர வேண்டும். அதை வைத்து வேலைக்கான இசட் விசா, சீனாவில் இறங்கிய 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பம், இதுதான் முறை. 2013இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டப்படி, அனுமதியின்றி வேலை செய்தவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். குற்றம் கடுமையென்றால் 5 முதல் 15 நாள் காவலும் சேரும்.

நம்பிக்கை: ஆங்கிலம் சரளமாக வந்தால் போதும்.

பள்ளிக்குப் போதும், அரசுக்குப் போதாது. ஆங்கில மொழி ஆசிரியருக்கான அனுமதிக்குப் பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடு என்று சீனா கருதும் நாட்டின் பாஸ்போர்ட், இளநிலைப் பட்டம், இரண்டு ஆண்டு அனுபவம் ஆகியவை வேண்டும். கல்வியியல் பட்டமோ ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழோ இருந்தால் அனுபவத்தை விட்டுக்கொடுப்பார்கள். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்ற தமிழருக்கு இந்த வழி திறந்திருக்கிறது. சென்னையில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்து இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் இல்லை. நியாயமற்ற விதிதான். சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் கணிதம், இயற்பியல் கற்பிக்க, அந்தப் பாடத்தில் தகுதியுள்ள இந்தியர் போகலாம். அப்போது ஒப்பந்தத்திலும் அனுமதியிலும் அந்தப் பாடமே இருக்க வேண்டும். 'கணக்கு என்று எழுதிவிட்டு ஆங்கிலம் நடத்துங்கள்' என்று கேட்டால், அதுவும் அனுமதியை மீறிய வேலைதான்.