எளிமையும் அழகுதான்! வெப்சைட் முகப்பைச் சீர்செய்வது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு, ஓரளவு பழகியதும் சொந்தமாக ஒரு வெப்சைட் அமைத்துப் பார்க்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. காரைக்காலில் இருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் உள்ள திருநள்ளாறில் என் அத்தான் 8 அறைகள் கொண்ட சிறிய விடுதி நடத்துகிறார். 2023 டிசம்பர் 20 அன்று நடந்த சனிப்பெயர்ச்சிக்கு இரண்டு மாதங்கள் முன்பு, கூகுள் சைட்ஸ் மூலம் அவருக்கு ஒரு தளம் செய்து கொடுத்தேன். இதற்குக் கட்டணம் கிடையாது. கூகுள் கணக்கு இருந்தால் போதும்.

எனக்குத் தெரிந்த அழகையெல்லாம் அதில் கொட்டினேன். பின்னணியில் கோபுரப் படம், அதன் மேல் மஞ்சள் எழுத்து, தானாக மாறும் படங்கள், 12 மெனுக்கள், நளன் கதை... பார்த்த நண்பர்கள் பிரமாதம் என்றார்கள். விடுதிக்குப் போன் மட்டும் வரவில்லை.

ஒரு ஞாயிறு காலை, சேலத்தில் இருந்து வந்திருந்த வயதான தம்பதி, பெயர்ப் பலகையைப் பார்த்து உள்ளே வந்தார்கள். "தம்பி, ராத்திரி பஸ்ஸிலேயே உங்க வெப்சைட்டை போன்ல பார்த்தோம். நம்பர் எங்கே இருக்குன்னே தெரியலை. மண்டபத்துலதான் படுத்திருந்தோம்" என்றார் அந்த அம்மா. முந்தைய இரவு விடுதியில் மூன்று அறைகள் காலி! போன் எண்ணை நான் பன்னிரண்டாவது மெனுவில் வைத்திருந்தேன். அன்றே தளத்தைத் திருத்த உட்கார்ந்தேன். நான் செய்தவற்றை நீங்களும் வரிசையாகச் செய்து பாருங்கள்.

1. வருபவரின் கேள்வி என்ன?

முதலில் மவுஸைத் தொடாதீர்கள், பேப்பரை எடுங்கள். தளத்துக்கு வருபவர் கேட்கும் முதல் மூன்று கேள்விகளை எழுதுங்கள். விடுதி என்றால் வாடகை எவ்வளவு, கோயில் எவ்வளவு தூரம், யாருக்குப் போன் செய்வது. இந்த மூன்றுக்கும் பதில் முதல் திரையிலேயே இருக்க வேண்டும். 2002-ல் ஆன்லைன் டிக்கெட் விற்பனையைத் தொடங்கிய ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில், முன்பு லாகின் செய்தால்தான் ரயிலைத் தேட முடியும். 2018-ல் தளத்தை மாற்றியமைத்தபோது, லாகின் இல்லாமலே ரயிலையும் காலி இடத்தையும் பார்க்க வழி செய்தார்கள். அதாவது, பயணியின் முதல் கேள்வியை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

2. மெனுவைக் குறையுங்கள்

12 மெனுவை 4 ஆக்கினேன்: முகப்பு, அறைகள், வழி, தொடர்பு. நளன் கதையை நீக்கவில்லை. "வழி" பக்கத்தின் அடியில் வைத்தேன்.

3. எழுத்து கண்ணில் படட்டும்

படத்தின் மேல் எழுத்து வேண்டாம். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து, தலைப்புக்கும் பொத்தானுக்கும் மட்டும் ஒரே நிறம் போதும். நான் கருநீலம் எடுத்துக்கொண்டேன். வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். தமிழில் கொக்கிகள் மேலும் கீழும் நீள்வதால், வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள்.

4. ஒரே நல்ல படம்

பத்துப் படங்களை விட, காலை வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் அழகு. போனில் எடுத்த படம் பல எம்.பி. இருக்கும். பெயின்ட் புரோகிராமில் திறந்து, ரீசைஸ் க்ளிக் செய்து, பிக்சல்ஸ் தேர்ந்தெடுத்து, அகலம் 1200 என்று கொடுங்கள். வேறு பெயரில் ஜேபெக் ஃபைலாக சேவ் செய்யுங்கள். ஃபைல் அளவு வெகுவாகக் குறையும். பக்கமும் சீக்கிரம் திறக்கும்.

5. வெளியிடும் முன் சோதனை

கூகுள் சைட்ஸில் ப்ரிவியூ பட்டனை அழுத்தினால், போனில் பக்கம் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். பிறகு போனை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, "வாடகை எவ்வளவு, பார்த்துச் சொல்" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அக்காவிடம் கொடுத்தேன். அவர் தடுமாறிய இடங்களையெல்லாம் திருத்தினேன்.

இப்படிக் குறைத்தால் பக்கம் வெறிச்சோடிப் போகாதா? பிரிட்டன் அரசு 2012-ல் தொடங்கிய கவ்.யுகே தளம் பெரும்பாலும் எழுத்தும் வெற்றிடமும்தான். அதற்கு 2013-ல் லண்டன் டிசைன் மியூசியத்தின் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருது கிடைத்தது. அழகு என்பது சேர்ப்பதில் மட்டும் இல்லை.

சனிப்பெயர்ச்சி அன்று எந்த விடுதியும் நிரம்பும். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அதன் பிறகு, சாதாரண வெள்ளிக்கிழமை இரவுகளிலும், "வெப்சைட்டில் பார்த்தோம், நாளைக்கு ரூம் இருக்கா?" என்று அத்தானுக்குப் போன் வருகிறது. உங்கள் தளத்தையும் இன்றே ஒருமுறை போனில் திறந்து பாருங்கள். தேவையான எண், விரலால் தள்ளாமலே கண்ணில் படுகிறதா?