மஞ்சளும் மாத வலியும்

மாதவிலக்கின்போது வலிப்பது இயல்பே என்று சொல்லிப் பெண்களை அடக்கிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். வகுப்பிற்கு வரவொட்டாமல் மாதந்தோறும் சுருண்டு படுக்கவைக்கும் வலி இயல்பன்று. எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் அதற்குக் காரணமாகலாம். மகப்பேற்று வயதுப் பெண்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர்க்கு இந்நோய் உண்டென உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, சூற்பை முதலிய பிற இடங்களில் வளர்வதே இந்நோய். விலக்குக் குருதியில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் படிவதால் இது தோன்றுகிறதென 1920களில் சாம்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் கூறினார். இக்கருத்து முழு விளக்கமாகாது. பின்னோட்டம் மிகப் பலர்க்கு நிகழ்கிறது. நோயோ சிலர்க்கே வருகிறது. எனினும், படிந்த குருதி சிதையும்போது இரும்பு வெளிப்படுகிறது. அவ்விரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடுடன் கூடி ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை உண்டாக்கும். வேதியியல் மாணவர் அறிந்த பென்டன் வினைதான் இது! தனியுறுப்புகள் அண்டையிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்க, அழற்சி மூண்டு வலி மிகுகிறது.

தனியுறுப்புகளை அடக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் பயிர்களில் நிறைய உள. மஞ்சளின் குர்க்குமின் அவற்றுள் ஒன்று. கொல்கத்தாவில் உள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளில் இந்நோய் வளர்வதைக் குர்க்குமின் தடுத்தது.

ஆனால் பெண்கள் சுண்டெலிகள் அல்லரே! திராட்சைத் தோலிலுள்ள ரெசுவெரட்ராலை 40 மில்லிகிராம் வீதம் 42 நாள் கொடுத்துப் பிரேசிலில் 44 பெண்களிடம் சோதித்தனர். 2017இல் வெளிவந்த முடிவின்படி, வெற்று மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை. ஈரானில் அண்மையில் நடந்த குர்க்குமின் சோதனையும் அவ்வாறே முடிந்தது. குர்க்குமின் குடலிலிருந்து குருதிக்குச் சேர்வது மிகக் குறைவு என்பது ஒரு தடை. மிளகின் பைப்பரினைக் கூட்டினால் குருதியில் அதன் அளவு பன்மடங்கு உயருமென 1998இல் பெங்களூர் ஆய்வாளர் காட்டினர். அதை வைத்தே இன்று பைப்பரின் கலந்த குளிகைகள் விற்பனையாகின்றன. கல்லீரலின் சிதைக்கும் வேலையை மட்டுப்படுத்துவதே பைப்பரினின் வழி. அதனால் உடன் உண்ணும் வேறு மருந்துகளும் உடலில் தேங்கலாம். இத்தகைய குளிகைகளால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதியுள்ளனர். குழம்பிலிடும் மஞ்சளுக்கு யாரும் அஞ்சவேண்டா.

ஆய்வு தொடரட்டும்; நானும் ஆவலோடு படித்து வருகிறேன். ஆயினும் குளிகையை நம்பி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுவது தகாது. வலியைத் தணிக்க ஹார்மோன் மருந்துகளும், வேண்டுமிடத்து அறுவையும் உள்ளன. மலையாளத்தில் எப்படிச் சொல்வதென்று தயங்கும் தோழியர்க்கு ‘ஆர்த்தவம்’, ‘வேதன’ என்னும் இரு சொற்கள் போதும். கழக்கூட்டத்தில் எந்த மருத்துவமனைக்கும் உடன்வர நான் அணியமாக உள்ளேன்.