கொரிய மார்ட்டில் வண்டி தள்ளும் முன்

தென்கொரியாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எத்தனை கிலோ பருப்பு எடுத்துட்டு வரணும்?" என்பதுதான். துவரம்பருப்பு, புளி, பெருங்காயம் கொண்டு வாருங்கள் என்பேன். பாசிப்பருப்பு வேண்டாம், அது இங்கேயே இருக்கிறது.

நான் இருப்பது சுவோன் நகரில். ஈமார்ட், லோட்டே மார்ட் போன்ற பெரிய கடைகளில் பால், முட்டை, சோப்பு மட்டும் வாங்கிக்கொண்டு, மற்ற எல்லாவற்றுக்கும் சியோலில் இருக்கும் இத்தேவோன் இந்தியக் கடைகளுக்கு ரயில் ஏறும் நம்மவர்களை நிறையப் பார்க்கிறேன். கறிவேப்பிலைக்கும் உளுந்துக்கும் போகத்தான் வேண்டும். மீதிச் சமையலில் பெரும்பகுதியை மார்ட்டிலேயே முடித்துவிடலாம். நான் மீன் சாப்பிடுகிறவன், என் மனைவி சுத்த சைவம். ஒரே வண்டியில் இரண்டு கணக்கு பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவை இவை.

தானிய வரிசையில் நில்லுங்கள்

தோல் நீக்கிய பாசிப்பருப்பு இந்த வரிசையில்தான் இருக்கும். கொரியர்கள் அதை ஊறவைத்து அரைத்து, பிந்தேத்தோக் என்று தடிமனான அடை சுடுவார்கள். பக்கத்திலேயே தினை, பனிவரகு, சோளம் எல்லாம் சின்னச் சின்னப் பைகளில் அடுக்கியிருப்பார்கள். சோற்றோடு கலந்து வேகவைப்பது இங்கே அன்றாட வழக்கம் என்பதால் சிறுதானியத்தை யாரும் அதிசயப் பொருளாக விற்பதில்லை.

அரிசி குட்டையாக, உருண்டையாக இருக்கும், வெந்தால் ஒட்டும். கஞ்சி வடிக்கிற வேலை இல்லை. குழம்பு ஊற்றிப் பிசைய ஒத்துவராது. ஆனால் தயிர்சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பையில் அரிசி தீட்டிய தேதி அச்சிட்டிருக்கும். விலையைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள். தனியாக இருப்பவர் மலிவு என்று 20 கிலோ மூட்டை தூக்கினால் கோடையில் வண்டு வரும்.

எண்ணெய் வாங்கும்போது கவனம். கொரிய எள் எண்ணெய் நம் நல்லெண்ணெய் இல்லை. எள்ளை நன்றாக வறுத்துப் பிழிவதால் வாசம் தூக்கலாக இருக்கும். அதில் தாளித்தால் சாம்பார் முழுக்க வறுத்த எள்தான் மணக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சில துளி விடுவதற்கே அது.

கோச்சுகாரு என்ற மிளகாய்த்தூள் கண்ணுக்குத்தான் பயங்கரச் சிவப்பு. காரம் நம் தூளைவிட வெகு குறைவு. பச்சை மிளகாயில் காரம் வேண்டுமென்றால் 'சோங்யாங்' என்று எழுதிய, ஒல்லியான சிறிய வகையை எடுங்கள். வெள்ளரிப் பிஞ்சுபோல் பெரிதாக இருப்பது பச்சையாகக் கடித்துத் தின்பதற்கு.

காய்கறியில் பெருத்த கொரிய முள்ளங்கி சாம்பாருக்கு அருமை. கோடையில் வரும் 'பிரும் நாமுல்' நம் தண்டுக்கீரைக் குடும்பம்தான்; பாசிப்பருப்பு போட்டுக் கடைந்தால் வித்தியாசமே தெரியாது.

மீன் பகுதியில்

வாளை மீனும் கானாங்கெளுத்தி இனமும் பெரும்பாலும் இருக்கும். குழம்புக்கு என்றால் 'ஜோரிம்' என்று சொல்லுங்கள், துண்டு போட்டுத் தருவார்கள். 'குயி' என்றால் சுடுவதற்கு ஏற்றபடி வெட்டுவார்கள். காய்ந்த நெத்திலியை அளவுவாரியாகப் பிரித்து விற்கிறார்கள். பொடிசு வறுக்க, பெரிசு சூப்புக்குத் தண்ணீர் இறக்க. நம் கருவாடு அளவுக்கு உப்பு இருக்காது. பெரியதை வாங்கினால் தலையையும் குடலையும் கிள்ளிப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கசக்கும்.

லேபிளை வாசிக்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும்

சைவர்களுக்கும், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வேண்டாதவர்களுக்கும் கொரியப் பாக்கெட்டுகள் பெரிய உதவி. ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள் உள்ளே இருந்தால் தனியாகக் கட்டம் கட்டி எழுத வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தப் பட்டியலில் பால், முட்டை, கோதுமை, சோயா மட்டுமல்ல, மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, கோழி, இறால், கணவாய் எல்லாம் சேர்த்தி. ராம்யன் என்ற உடனடி நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றைத் திருப்பினால், பொடி எழுத்தில் நீளும் பொருள் பட்டியலுக்கு அருகே அந்தச் சின்னக் கட்டம் இருக்கும். 'ஸ்வேகோகி' என்றால் மாடு, 'த்வேஜிகோகி' என்றால் பன்றி, 'தக்கோகி' என்றால் கோழி. இந்த மூன்றையும் எழுத்தாக அடையாளம் காணப் பழகிவிட்டால் போதும்.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. கட்டத்துக்குக் கீழே, இன்னின்ன பொருள்களைக் கையாளும் அதே ஆலையில் தயாரித்தது என்று ஒரு வரி வரும். அது எச்சரிக்கை மட்டுமே, உள்ளே இருப்பதன் பட்டியல் இல்லை. இரண்டாவது முக்கியமானது: நெத்திலி அந்த ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை. கொரியச் சமையலில் எல்லா இடத்திலும் நுழைவதும் அதுதான். ஆகவே சைவர்கள் கட்டத்தோடு நிறுத்தாமல், பொருள் பட்டியலில் 'ம்யோல்ச்சி' இருக்கிறதா என்றும் தேட வேண்டும். கிம்ச்சி என்ற புளித்த காய்கறித் தொடுகறியில் பெரும்பாலும் நெத்திலிச் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும்; சைவ கிம்ச்சி என்று எழுதியதைத்தான் வாங்க வேண்டும். கிம்ச்சிப் பை உப்பியிருந்தால் பதற வேண்டாம், புளிக்கும்போது வாயு வருவது இயல்பு.

லேபிளில் இருக்கும் கொரிய எழுத்தான ஹங்குலில் அடிப்படை எழுத்து 24 தான். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டத்தில் அமர்வது நம் உயிர்மெய் மாதிரி என்பதால் தமிழருக்குச் சீக்கிரம் பிடிபடும். பாப்பகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலியில் படம் எடுத்தும் வாசிக்கலாம், ஆனால் பளபளக்கும் உறையில் அது அடிக்கடி உளறும்.

தேதி வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். 2023 முதல், பெரும்பாலான பொருள்களில் விற்பதற்கான கடைசித் தேதிக்குப் பதிலாக உண்பதற்கான கடைசித் தேதியைப் போடுகிறார்கள். எனவே 'இன்னும் ரெண்டு நாள் தாங்கும்' என்ற நம் பழைய கணக்கு இப்போது செல்லாது.

தயார் உணவுப் பகுதி

மாலையில் இங்கே ஒரு காட்சி பார்க்கலாம். கடை மூடுவதற்கு ஓரிரு மணி நேரம் இருக்கும்போது ஊழியர் ஒருவர் ஸ்டிக்கர் இயந்திரத்தோடு வருவார். அதுவரை சீஸ் பார்ப்பதுபோல் நின்றிருந்த பாட்டிகள் மெல்ல நெருங்குவார்கள். 20 சதவீதம், 30 சதவீதம், சில நாள் பாதி விலை. பொரித்த கோழி, சூஷி, ஜோன் என்ற அப்பம் எல்லாம் குறைந்த விலையில் போகும். கடற்பாசியில் சுருட்டிய சோறான கிம்பாப்பை அன்றே சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் எடுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் சோறு விறைத்துவிடும். பெரும்பாலான கிம்பாப்பில் ஹாமும் மீன்பசையில் செய்த நண்டுக் குச்சியும் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாஞ்சான் எனப்படும் தொடுகறிகளில் சோயாவில் வேகவைத்த கறுப்பு மொச்சை மாதிரியான பயறு, தாமரைத் தண்டு, பசலைக் கீரை, முளைகட்டிய பயறு ஆகியவை சைவர் பக்கம் வரக்கூடியவை. அங்கேயும் ம்யோல்ச்சி விசாரணை உண்டு. தோஃபுவில் வறுக்க, குழம்புக்கு என்று தனித்தனி வகை இருக்கிறது. நம் பொரியலுக்கு 'புச்சிம்' என்று எழுதிய கெட்டியானதுதான் உடையாமல் நிற்கும்.

காசும் பையும்

பெரிதாக எழுதிய விலை சில சமயம் குறிப்பிட்ட கார்டுக்கோ உறுப்பினருக்கோ மட்டும்தான். 1+1 என்றால் இரண்டையும் நீங்களே எடுத்து வண்டியில் போட வேண்டும், பில் போடும் இடத்தில் யாரும் தரமாட்டார்கள். தள்ளுவண்டிக்குப் பல கடைகளில் 100 வோன் நாணயம் தேவைப்படும். வண்டியைத் திருப்பி விட்டால் நாணயம் கிடைத்துவிடும்.

பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பை 2019 முதல் தடை. பதிலாக, உங்கள் வட்டாரத்தின் குப்பைப் பையையே கேட்டு வாங்குங்கள். குப்பையை அளவுக்கேற்ற கட்டணப் பையில்தான் போட வேண்டும் என்ற முறை 1995 முதல் நாடு முழுக்க இருக்கிறது. அதில் சாமான் கொண்டு வந்து, பிறகு அதிலேயே குப்பை போடலாம். வேறு வட்டாரத்தில் வாங்கிய பை உங்கள் தெருவில் செல்லாது.

2012 முதல் பெரிய மார்ட்டுகளுக்கு மாதத்தில் இரண்டு நாள் கட்டாய விடுமுறை. பெரும்பாலும் இரண்டாவது, நான்காவது ஞாயிறு. தேகு போன்ற ஊர்களில் அதைத் திங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். கடையின் செயலியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கொரியாவில் சைவம் சாப்பிட்டுப் பிழைக்க முடியாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஓட்டலில் சாப்பிடுகிறவர்கள். அங்கே அது ஓரளவு உண்மைதான். மார்ட்டில் லேபிள் வாசித்து வாங்கி, வீட்டில் அடுப்பு பற்றவைப்பவருக்கு அந்தப் பேச்சு பொருந்தாது.