டொலரையும் எண்ணுங்கள், நாட்களையும் எண்ணுங்கள்

நாட்டின் பொருளாதாரம் சரியும்போதெல்லாம் கடைத்தெருவில் ஒரு பேச்சுக் கிளம்புவதுண்டு. "டொலர் ஏறிவிட்டது, இறக்குமதிச் சாமான் இனி இந்த விலைக்கு வராது, உள்ளூர் உற்பத்திக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது" என்பதே அந்தப் பேச்சு. இதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைக் கவனிக்காமல் விட்டதால் மூடப்பட்ட பட்டறைகள் பல. அந்த மறுபாதியை இவ்வாரம் பார்ப்போம்.

2022 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. ரூபா மிதக்க விடப்பட்டதும் மே மாத நடுப்பகுதியில் அது 360 ரூபா அளவுக்கு ஏறியது. ஆகஸ்ட் மாதத்தில் 1,465 சுங்கக் குறியீடுகளின் கீழ் வரும் பொருட்களின் இறக்குமதி வர்த்தமானி மூலம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. வெளிநாட்டுச் சாமானுக்கு எதிராக இவ்வளவு உயரமான மதில் அண்மைக் காலத்தில் எழும்பியதில்லை. ஆனாலும் அவ்வாண்டு நமது கைத்தொழில் உற்பத்தி வளரவில்லை, வீழ்ந்தது. மூலப்பொருளுக்கு டொலர் இல்லை. இயந்திரத்துக்கு மின்சாரமும் எரிபொருளும் ஒழுங்காக இல்லை. வாங்குபவரின் கையிலும் காசு இல்லை. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது.

உங்கள் பொருளில் எத்தனை டொலர்?

ஒரு சோடிப் பாதணியை உதாரணமாக வைத்துக் கணக்குப் பார்ப்போம். இறக்குமதிப் பாதணி தீர்வை உட்பட 5 டொலர் என்று கொள்வோம். டொலர் 200 ஆக இருக்கையில் அது 1,000 ரூபா. உள்ளூரில் இருவர் அதே பாதணியைச் செய்கிறார்கள். இருவருக்கும் அடக்கவிலை 1,100 ரூபா. முதலாமவர் 3 டொலருக்கு வெளிநாட்டு மூலப்பொருள் வாங்குகிறார். கூலி முதலிய உள்ளூர்ச் செலவு 500 ரூபா. இரண்டாமவர் நம் நாட்டு றப்பரையும் தோலையும் கூடுதலாகப் பயன்படுத்துகிறார். அவருக்கு வெளிநாட்டுப் பொருள் 1 டொலர், உள்ளூர்ச் செலவு 900 ரூபா.

டொலர் 360 ஆகிறது. உள்ளூர்ச் செலவும் 30 வீதம் கூடுகிறது. இறக்குமதிப் பாதணி 1,800 ரூபா. முதலாமவரின் அடக்கவிலை 1,730, இரண்டாமவரின் அடக்கவிலை 1,530. இருவருமே இப்போது வெல்கிறார்கள்.

பின்னர் டொலர் 300 க்கு இறங்குகிறது. கூட்டிய கூலி இறங்காது. இறக்குமதிப் பாதணி 1,500 ரூபா. முதலாமவருக்கு 1,550, இரண்டாமவருக்கு 1,470. முதலாமவர் சந்தையை இழந்துவிட்டார், இரண்டாமவர் நிற்கிறார். இது வெறும் கற்பனையான ஏற்ற இறக்கமல்ல. 2024 ஆம் ஆண்டின் இறுதியில் டொலர் 300 ரூபாவுக்கும் கீழே வந்தது. நிறுத்தப்பட்ட பொருட்களில் பெரும்பாலானவையும் 2023 இல் கட்டங்கட்டமாகத் திறந்து விடப்பட்டன.

காசோலையில் எத்தனை நாள்?

இனி நம் கடைக்காரர்களின் பக்கம் வருவோம். உள்ளூர் உற்பத்தியை அழிப்பது இறக்குமதி மட்டும்தானா? துறைமுகத்தில் வந்திறங்கும் கொள்கலனுக்கு நாம் முற்பணம் கட்டுகிறோம். பக்கத்துத் தெருப் பட்டறைக்காரருக்கோ 90 நாள் தள்ளித் திகதியிட்ட காசோலை கொடுக்கிறோம்.

மேற்சொன்ன முதலாமவர் 2022 பெப்ரவரி இறுதியில் ஒரு சோடியை 1,200 ரூபாவுக்கு அப்படிக் கொடுத்தார் என்று கொள்வோம். கணக்கில் 100 ரூபா இலாபம். மே இறுதியில் காசோலை மாறி 1,200 ரூபா கைக்கு வருகிறது. அடுத்த சோடிக்கான 3 டொலர் மூலப்பொருளுக்கு இப்போது 1,080 ரூபா வேண்டும். மிஞ்சுவது 120 ரூபா. அதில் 500 ரூபாக் கூலிச் செலவை எப்படிக் கொடுப்பது? புத்தகத்தில் இலாபம், பட்டறையில் பூட்டு. அவருடைய முதலை நாம் 90 நாள் வைத்திருந்தோம்; விலை ஏறியபோது அது நம் கையிலேயே கரைந்தது.

மதில் என்றும் நிற்காது

இந்நாட்டுக்கு இது புதிய பாடமல்ல. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கைத்தறிகளும் மின்தறிகளும் நாடெங்கும் ஓடின. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் வெளிநாட்டுத் துணி குவிந்தது. ஏராளமான தறிகள் நின்றன. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை போன்ற ஊர்கள் அந்த அடியை நன்கறியும். போட்டியில்லாத காலத்தில் விற்றது, போட்டி வந்த பின்பும் விற்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

ஆகவே, உற்பத்தியாளர் இப்போதே மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, ஒவ்வொரு பொருளிலும் எத்தனை டொலர் அடங்கியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். அதைக் குறைக்க வழி தேடுங்கள். இரண்டாவது, டொலர் இறங்கினால் என்ன விலைக்கு விற்க முடியும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். மூன்றாவது, இறக்குமதி குறைந்த காலத்தில் கிடைத்த மேலதிக இலாபத்தைத் தரத்திலும் இயந்திரத்திலும் போடுங்கள். வேறு வழியின்றி வாங்கிய வாடிக்கையாளர், வழி திறந்த அன்றே போய்விடுவார். பொருள் நன்றாக இருந்ததால் வாங்கியவர் யோசிப்பார்.

வியாபாரிகள் செய்ய வேண்டியது ஒன்றுதான். உள்ளூர்ச் சரக்கில் ஒரு பகுதிக்காவது கைக்காசு கொடுங்கள். அதற்காக விலையில் கழிவு கேளுங்கள். பெரும்பாலான பட்டறைக்காரர்கள் மனமுவந்து தருவார்கள். கப்பல் வராத மாதத்தில் உங்கள் தட்டு வெறுமையாகாமல் காப்பவர் அவர்தான். அந்த நாள் வரை அவர் தொழிலில் நிற்பதற்கு உங்கள் காசோலையின் திகதியும் ஒரு காரணமாக இருக்கும்.