வளவுக்குள் ட்ரம்ஸ்: கொட்டிலைக் கனமாக்குவதா, கருவியை அடக்குவதா?

மட்டக்களப்பில் கூத்து மத்தளம் ஊர் கேட்கவென்றே அடிக்கப்படுவது. வட்டக்களரியில் விடியவிடிய அது அதிர்ந்தாலும் யாரும் குறைசொல்வதில்லை. தேவாலய இசைக்குழுவுக்கோ பாண்டுக்கோ ட்ரம்ஸ் பழகும் பிள்ளையின் நிலை வேறு. ஒரே தாளத்தை நாள்தோறும் திரும்பத் திரும்ப அடித்தாக வேண்டும். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிப்பவர்கள் இருப்பார்கள். பின்வளவுக் கொட்டிலைப் பயிற்சி அறையாக மாற்ற நினைப்பவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு. எதையும் வாங்குமுன் எவ்வளவு சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று பாருங்கள்.

தேவை எவ்வளவு?

ட்ரம்ஸை உரக்க அடித்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 105 டெசிபெல் வரும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். எனவே 8 மீட்டர் தள்ளியிருக்கும் வேலியில் அது 87 ஆக இருக்கும். 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் காணி எல்லைக்கு வகுத்த வரம்பை நமக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மாநகர, நகர சபைப் பகுதிகளில் பகலில் 63, இரவில் 50. பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45. இரவுக் கணக்கு மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது. ஆகவே நகருக்குள் பகலில் 24, இரவில் 37 டெசிபெல் குறைய வேண்டும். ஆரையம்பதி போன்ற பிரதேச சபை ஊர்களில் 32, 42.

வாவிக்கரையில் வீடு இருந்தால் இன்னும் கவனம் தேவை. தண்ணீர் ஒலியை உறிஞ்சாது, நடுவே தடுக்க மரமும் மதிலும் இல்லை. இரவில் தரைக்காற்று மேற்கிலிருந்து வீசும்போது படுவான்கரைச் சத்தம் எழுவான்கரைக்கு எளிதாக வந்துசேரும். கொட்டிலின் கதவை வாவிப் பக்கம் வைக்காமல் உங்கள் வீட்டைப் பார்க்க வையுங்கள்.

வழி 1: ஸ்பொஞ்சும் முட்டை அட்டையும்

செலவு குறைவு, பயனும் குறைவு. இவை அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும்; சத்தம் வெளியேறுவதைத் தடுக்கக் கனம் வேண்டும். தகரத்திலும் கிடுகிலும் அந்தக் கனம் இல்லை. போதாக்குறைக்கு ஸ்பொஞ் விரைவில் தீப்பற்றும். அறைக்குள் கேட்பது இதமாக இருக்கத் தும்பு மெத்தையோ தடித்த துணியோ தொங்கவிட்டாலே போதும்.

வழி 2: கல் சுவர்

நாலு அங்குல சீமெந்துக் கல்லில் கட்டி இருபுறமும் பூசிய சுவர் 40 டெசிபெல்லை ஒட்டித் தடுக்கும். கனத்தை இரட்டிப்பாக்கினால் இன்னும் ஐந்தாறு டெசிபெல்தான் கூடும். பூச்சைத் தவிர்க்காதீர்கள், பூசாத கல்லின் நுண்துளைகள் வழியே சத்தம் கசியும். சுவர் கல்லாக இருந்து கூரை தகரமாக இருந்தால் செலவு வீண். சுற்றுப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மற்றதெல்லாம் எவ்வளவு கனமானாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்க முடியாது. கனமான பலகைக் கதவு, அதைச் சுற்றி றப்பர், கூரையும் சுவரும் சேரும் இடத்தில் சாந்து, உள்ளே ஜிப்சம் பலகைச் சீலிங் ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் இந்த வழி நகரத்துப் பகலுக்கு உதவும். கனமான கூரையைச் சுவரோடு இறுகப் பிணையுங்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மாவட்டம் இது. பழைய அஸ்பெஸ்டஸ் கூரை இருந்தால் அதை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

வழி 3: அறைக்குள் அறை

கல் சுவருக்கு உள்ளே, அதைத் தொடாத கல்வனைஸ் சட்டத்தில் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை. இடையில் நாலு அங்குல வெளி, அதில் கண்ணாடிப் பஞ்சு. இரவிலும் அடிக்க வேண்டுமென்றால் இதுதான் வழி. செலவும் இதற்கே அதிகம். மரச்சட்டம் கறையானுக்கு இரையாகும், சாதாரண ஆணி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும்.

தரையையும் பிரிக்க வேண்டும். கல்லடிப் பாலத்தருகே துடுப்பைத் தண்ணீரில் வைத்து மறுநுனியில் காதை ஒற்றி மீன்பாட்டுக் கேட்பார்களே, அதுபோலத்தான் பேஸ் ட்ரம்மின் அதிர்வும் காற்றை நம்பாமல் தரை வழியே போகும். இரண்டு பிளைவுட் தட்டுகளுக்கு இடையில் டெனிஸ் பந்துகளைப் பரப்பி, அந்த மேடையில் ட்ரம்ஸை வைத்தால் அதிர்வு வெகுவாகக் குறையும்.

அடைத்த அறைக்குள் மூச்சுமுட்டும் என்பதை இங்கே பலர் மறக்கிறார்கள். ஏசி குளிராக்குமே தவிர வெளிக்காற்றைக் கொண்டுவராது. பஞ்சு பதித்து, இரண்டு மூன்று வளைவு வைத்த காற்றுப் பெட்டிகள் இரண்டு வேண்டும்: ஒன்று உள்ளே இழுக்க, மற்றது வெளியே தள்ள. மாரியில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். மத்தளம், மிருதங்கம் போன்ற தோல் கருவிகளை அங்கேயே விட்டுவைத்தால் சுருதி இறங்கும்.

வழி 4: கருவியை அடக்குவது

ட்ரம்ஸ் மீது போடும் றப்பர் பாட், வலைத்தோல், துளையிட்ட மென்சத்தச் சிம்பல் ஆகியவை சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைக்கும். எலெக்ட்ரோனிக் ட்ரம்ஸ் என்றால் ஹெட்போனில் கேட்டே பழகலாம். பெடலின் அதிர்வுக்கு மட்டும் அந்தப் பந்து மேடை வேண்டும். கோலின் துள்ளல் அசல் தோலைப் போலவே இராது என்பது குறைதான். ஆனால் காற்றும் மழையும் கறையானும் இந்த வழியில் பிரச்சினையே இல்லை. வாடகை வீட்டை விட்டுப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லவும் முடியும். மத்தளத்துக்கு இந்த வசதி இல்லை. சொற்கட்டை வாயால் சொல்லிக் கையால் தாளம் போட்டுப் பாடமாக்கிய பிறகு பகலில் தோலில் அடிக்கலாம்.

எதைத் தேர்வது?

பழகத் தொடங்குபவருக்கும் வாடகை வீட்டாருக்கும் நான்காவது வழி. சொந்த வளவில் பகலில் மட்டும் அசல் ட்ரம்ஸ் அடிப்பவருக்கு இரண்டாவது வழி. பிரதேச சபை ஊரென்றால் அதோடு பந்து மேடையும் இரட்டைக் கதவும். குழுவாக இரவில் ஒத்திகை பார்ப்பவர்கள் மட்டும் மூன்றாவதில் பணம் போடட்டும். முதலாவது யாருக்கும் வேண்டாம். எதைத் தேர்ந்தாலும் அடிக்கும்போது காதடைப்பான் போடுங்கள், பயிற்சி நேரத்தை அயலவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.